பானகம் வரட்டும்

கல்யாணத்துக்கு வருகிறவர்கள் எந்த நாளில் எந்த நிறம் உடுத்த வேண்டும், எங்கே வண்டி நிறுத்த வேண்டும், எப்போது கை தட்ட வேண்டும், எப்போது போனை அணைத்து வைக்க வேண்டும் என்பதையெல்லாம் விளக்கி ஒரு கையேடு வந்திருந்தது. போனில் திறக்கிற கையேடு. முதல் பக்கத்தில் சந்திரகிரிக் கோட்டை புகை மூட்டமாகத் தெரிய, அதன் முன்னால் மாப்பிள்ளை பவன்குமாரும் பெண் சந்தியாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு திசையில் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி நின்றிருந்தார்கள். கீழே இங்கிலீஷில், மூன்று நாள் கொண்டாட்டம் என்று போட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் 'தங்கள் வரவை எதிர்நோக்கும் டி. அரசு' என்று பெண்ணின் அப்பா பெயர்.

மாப்பிள்ளை ஊரான கொல்லமேட்டில் அதைப் படித்துச் சொல்லுகிற பொறுப்பு கல்பனாவுடையது. மாப்பிள்ளையின் அக்கா. வரதய்யபாளையம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஷிப்டு வேலை. கம்பெனியில் வருகிற சுற்றறிக்கைகளை லைனில் நிற்கிற பெண்களுக்குத் தமிழும் தெலுங்குமாகப் படித்துச் சொல்லி அவளுக்குப் பழக்கம்.

கத்திரி வெயில். மாங்காய்க் கொட்டகையில் தகரம் படபடவென்று சத்தம் போட்டது. கல்பனாவின் அம்மா லட்சுமம்மாவும் பக்கத்து வீட்டு ரத்னம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் உட்கார்ந்து மாங்காய் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காம்பைக் கிள்ளி, பால் வடியக் கவிழ்த்து வைத்து, ஜூஸ் பேக்டரிக்குப் போகிற பெங்களூராவை ஒரு பக்கமும், மார்க்கெட்டுக்குப் போகிற பேனிஷாவை வைக்கோல் மேல் இன்னொரு பக்கமும் அடுக்குகிற வேலை. பால் பட்ட இடம் புண்ணாகும் என்பதால் எல்லோர் கையிலும் தேங்காய் எண்ணெய் மினுமினுத்தது.

"வெள்ளிக்கெழம மஞ்சக் கலரு கட்டிக்கினு வரணுமாம்," என்றாள் கல்பனா.

"தீ மிதிக்கவா?" என்றாள் ரத்னம்மா.

"மெகந்தி வெக்கிறதுக்கு. சனிக்கெழம சாய்ந்திரம் பேஸ்டல் கலரு."

"அது இன்னாடி கலரு?"

"தொவைச்சுத் தொவைச்சு வெளுத்துப் போன மாதிரி இருக்கும்."

ரத்னம்மா தன் சேலையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். "அப்ப நாம ரெடியாத்தான் கீறோம்."

கொட்டகை ஓரத்தில் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த துலுக்காணம் சிரித்தார். லட்சுமம்மாவின் அண்ணன். நாகலாபுரத்திலிருந்து டி.வி.எஸ்.ஸில் வந்திருந்தார். தாய்மாமன் என்கிற முறையில் மாப்பிள்ளை நெற்றியில் பட்டம் கட்டப் போகிறவர் அவர்தான். அந்த உரிமையில் ஒரு மாதமாக எல்லா விஷயத்திலும் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தார்.

"மேல படி."

"மாலை நேரத்தில் இதமான குளிர் இருக்கும். சால்வை எடுத்து வரவும்."

"கத்திரியிலயா?" என்றாள் லட்சுமம்மா. "சந்திரகிரியிலயா? பாறையில கைய வெச்சா கொப்புளம் வருமே!"

"அப்பிடித்தாம்மா போட்டுக்கீது."

"இங்கிலீஷ்ல போட்டுக்கீதா?" என்று கேட்டார் துலுக்காணம்.

"ஆமா மாமா."

"அப்ப குளிரும். நான் கம்பளி எடுத்துக்கினு வர்றேன்."

அடுத்த பக்கம், பெட்டியில் வைத்த பரிசுகளைத் தவிர்க்கச் சொன்னது. துலுக்காணத்துக்கு அது பிடித்திருந்தது. "நான் வாங்கி வெச்சிக்கிறது அண்டா. அண்டாவுக்கு ஆரு பொட்டி செய்வாங்க? நல்லா ரோசிச்சுதான் எழுதிக்கீறான்." புல்தரையில் குதிகால் உயர்ந்த செருப்பைத் தவிர்க்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஒரு அறைக்கு இரண்டு பேர் என்பதை மட்டும் ரத்னம்மா ஒப்புக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்குப் போய் எதற்கு அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டும் என்றாள்.

"கடைசியா ஒண்ணு," என்றாள் கல்பனா. "வர்றதா இருந்தா, வருவேன்னு இந்தப் பட்டனை அமுக்கணும்."

லட்சுமம்மா மாங்காயைக் கீழே வைத்தாள். "வெத்தல எடுத்துக்கினாங்க இல்ல? அதுக்கு மேல இன்னா பட்டனு?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முடிந்ததுதான் வம்பாகப் போயிற்று.

கொல்லமேட்டு முறை அது. லட்சுமம்மாவும் அவள் புருஷன் வீராசாமியும் வெயில் தாழ்ந்த நேரமாகப் பார்த்து வீடு வீடாகப் போயிருந்தார்கள். மஞ்சள், குங்குமம், வெற்றிலை, பாக்கு வைத்த தட்டை நீட்டி, "பையனுக்குக் கல்யாணம், குடும்பத்தோட வந்துடணும்" என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரி குங்குமம் வைத்துக்கொண்டு வெற்றிலையை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வாள். முடிந்தால் வருகிறார்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகும் வருவாயா மாட்டாயா என்று கேட்டால், வராமல் இருந்தால் தேவலை என்று கேட்டதாகிவிடும். அதனால் கல்பனா கையேட்டை ஊர் வாட்சப் குழுவில் போட்டபோது எல்லோரும் கும்பிடும் ரோஜாப்பூவும் போட்டார்கள். ஒரு ஆள்கூடப் பட்டனை அமுக்கவில்லை. அவ்வளவு மரியாதை.

டி. அரசு என்பவரையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முழுப் பெயர் தமிழரசு. எல்லை பிரித்தபோது ஊர் ஆந்திராவோடு போய்விட்ட ஆத்திரத்தில் அவர் அப்பா, அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தார். பிள்ளை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேஸ்திரிகளைக் கூட்டிக்கொண்டு ஐதராபாத் போனது. அங்கே அப்போதுதான் ஊர் மேல்நோக்கி வளர ஆரம்பித்திருந்தது. அதோடு சேர்ந்து இவரும் வளர்ந்தார். வீட்டில் தெலுங்கு, போனில் இங்கிலீஷ், கால்விரல் கதவில் இடித்துக்கொண்டால் மட்டும் தமிழ். மூத்த பெண் சந்தியா டெக்சாஸில் வேலை பார்த்த இடத்தில் பக்கத்து மேஜைக்காரனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். விசாரித்தால் பையன் சொந்த ஜனம். அதுவும் எந்தப் பக்கத்தை மறந்துவிட்டு வந்தாரோ அந்தப் பக்கம். தமிழரசு ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஊருக்கும் வேண்டாம் ஐதராபாத்துக்கும் வேண்டாம் என்று நடுவில் சந்திரகிரிப் பக்கம் ஒரு ரிசார்ட்டைப் பிடித்தார். கல்யாணம் நடத்தித் தருகிற கம்பெனி ஒன்றையும் பிடித்தார். அந்தக் கம்பெனிதான் கையேடு போட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் பவன்குமார் காரில் வந்தான். கொட்டகையில் கடைசி லோடு ஏறிக்கொண்டிருந்தது. வந்தவன் வீட்டுக்குள் போகாமல் மாங்காய்க் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"எம்மா, ஒரு விசயம். கோபப்படாத."

"சொல்லு, அப்பறம் பாக்கலாம்."

"நம்ம ஊர்லேர்ந்து ஆரும் வரலன்னு வந்துக்கீது."

"ஆருடா சொன்னது?"

"ஆரும் சொல்லல. பட்டன் அமுக்காதவங்க வரலன்னு கம்ப்யூட்டரு அதுவா எடுத்துக்கும். ரூமு, சாப்பாடு, கையில மாட்ற பட்டை எல்லாத்துக்கும் அந்தக் கணக்குலதான் ஆர்டர் குடுத்துட்டாங்க. நான் இப்பதான் பாத்தேன்."

"கையில இன்னா பட்டை?"

"ரிப்பன் மாதிரி. அது இருந்தாத்தான் கேட்டுல உள்ள வுடுவாங்க."

லாரிக்குக் கிரேட் தூக்கிக்கொண்டிருந்த வீராசாமி நின்றார். "மாட்டுச் சந்தையில கொம்புக்கு நம்பரு அடிக்கிற மாதிரியா?"

"நைனா, சொம்மா இரு. எம்மா, கேளு. ஆடி கழிஞ்சு நம்ம ஊர்லயே ஒரு ரிசப்ஷன் பண்ணிக்கலாம். பெரிசா. இப்ப நீங்க ரெண்டு பேரும், அக்கா, மாமா வந்தா போதும். நீ எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிடு."

"இன்னான்னு?"

"எதோ... எடம் பத்தலன்னு."

லட்சுமம்மா எழுந்தாள். கையில் இருந்த எண்ணெயை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பித்தளைத் தட்டோடு திரும்பி வந்தாள். காலித் தட்டு.

"வா போலாம்."

"எங்கம்மா?"

"வூடு வூடா. குடுத்த வெத்தலைய திருப்பிக் குடுங்கன்னு கேக்கலாம். நீயே கேளு. படிச்சவன், பதமாக் கேப்ப."

ரத்னம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பவன்குமார் தட்டையும் வாங்கவில்லை, நகரவும் இல்லை.

வீராசாமிதான் பேசினார். அவர் பேசுவதே அபூர்வம். தலைச்சும்மாட்டை அவிழ்த்து உதறிவிட்டுச் சொன்னார்: "பவனு, இந்த ரெண்டு ஏக்கரா நமக்குப் பட்டாவா வர்றதுக்கு முன்ன, பெரிய வூட்டுக் கல்யாணம்னா பந்தலு போடறது நாங்க, வெறகு பொளக்கிறது நாங்க. பந்தியெல்லாம் முடிஞ்சப்பறம் பின்னால கூப்புடுவாங்க. துன்னுட்டு வந்துக்கீறோம். அதுக்கெல்லாம் ஆரும் எங்களுக்கு வெத்தல வெச்சதில்ல. உங்கம்மா தட்ட எடுத்துக்கினு தெருவுல போனப்ப நான் பின்னால போனேன். ஒரு வூட்லயும் நான் வாயத் தொறக்கல. சொம்மா பாத்துக்கினே போனேன். அத்த இப்ப திருப்பி வாங்கச் சொல்றியா?"

"நான் அப்பிடிச் சொல்லல நைனா."

"வேற எப்பிடிச் சொன்ன?"

பவன்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். டெக்சாஸில் நாற்பது பேரை மேய்க்கிறவன். "இப்ப நான் இன்னா பண்ணட்டும்? அரசு சாரு கிட்டப் பேசினா, ஈவென்ட்டுக்காரங்களக் கேளுன்றாரு. அவங்களக் கேட்டா, கணக்கு லாக் ஆயிடுச்சுன்றாங்க."

லட்சுமம்மா தட்டைக் கிரேட் மேல் வைத்தாள். பிறகு கல்பனாவிடம் திரும்பினாள்.

"அந்தப் பொஸ்தகத்துல, வந்து எறங்கினதும் இன்னா பண்ணுவாங்கன்னு போட்டிருப்பாங்களே, அத்தப் படி."

கல்பனா போனைத் திறந்தாள். "வரும் விருந்தினர்களுக்கு நுழைவாயிலில் வரவேற்புப் பானம் வழங்கப்படும்."

"உள்ள வர்றதுக்கு முன்னயா, வந்தப்பறமா?"

"நுழைவாயில்லன்னு போட்டுக்கீதே. முன்னதான்."

"பட்டன் அமுக்கினவங்களுக்கு மட்டும்னு போட்டுக்கீதா?"

கல்பனா மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "இல்ல. வரும் விருந்தினர்னுதான் கீது."

"போதும், மூடு." லட்சுமம்மா மறுபடி உட்கார்ந்து மாங்காயை எடுத்தாள். "பவனு, நீ முன்னால போவாத. சனிக்கெழம எங்களோட பஸ்ஸுல வா. மாப்ள வூட்டு ஜனம் மாப்ளயோட போறதுதான் முறை."

"அங்க எனக்கு எண்ட்ரி வெச்சிக்கீறாங்கம்மா. பழைய காலத்துக் காரு, செண்டை மேளம்..."

"வெச்சிக்கட்டும். காரு எங்கயும் போயிடாது."

கல்பனாவின் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர் பஸ்ஸோடு வந்தார். சனிக்கிழமை மத்தியானம் ஊர் புறப்பட்டது. முன் கண்ணாடியில் 'பி ஷிப்டு' என்ற அட்டை அப்படியே இருந்தது. மஞ்சள் என்று சொன்னதை நினைவு வைத்துச் சிலர் மஞ்சளும், வெளுத்தது என்று சொன்னதை நினைவு வைத்துச் சிலர் வெளுத்ததும் கட்டியிருந்தார்கள். பெரும்பாலோர் இருப்பதில் நல்லதாகப் பளபளவென்று கட்டியிருந்தார்கள். துலுக்காணம் மடியில் கம்பளி. காலடியில் அண்டா. அண்டா நிறையப் பேனிஷா. வெறும் அண்டாவை எப்படிக் கொடுப்பது?

புத்தூர் தாண்டி, திருப்பதியை ஓரமாகச் சுற்றி, மலை வலது பக்கம் கூடவே வர, சந்திரகிரி வந்தது. நிஜக் கோட்டை வெயிலில் சும்மா கிடந்தது. அதைத் தாண்டி ஒரு பழைய மாந்தோப்பில் ரிசார்ட். வாசலில் சிமெண்டில் இன்னொரு கோட்டை கட்டி, அது பழசாகத் தெரிய வேண்டும் என்று வெடிப்புக்கூடப் பெயிண்டில் வரைந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் பைபர் யானை. உள்ளே பாட்டுச் சத்தம்.

பஸ் நின்றது. காவலாளி நோட்டுப் பலகையோடு வந்தான். "பேண்ட் சூப்பிஞ்சண்டி." கையில் பட்டையைக் காட்ட வேண்டுமாம்.

ரத்னம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வெற்றிலை என்றைக்கோ வாயில் போயிருந்தது. கொட்டைப்பாக்கு மட்டும் இருந்தது. அதை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இந்தா, பாத்துக்கோ."

அவன் பலகையில் பாக்குக்கு இடம் தேடினான்.

"தம்பி, நாங்க உள்ள வர்லப்பா," என்றாள் லட்சுமம்மா, பஸ்ஸை விட்டு இறங்கியபடி. "நாங்க மாப்ள வூட்டுக்காரங்க. பொண்ணு வூட்டுக்காரங்க எதுருகோலு வந்து அழைக்காம எப்பிடி உள்ள வருவோம்? நீ போய்ச் சொல்லு. அவசரமில்ல."

எதிரே சாலை ஓரத்தில் நாலு புளியமரம். ஊர் முழுக்க அங்கே போய் உட்கார்ந்தது. துலுக்காணம் கம்பளியை விரித்து அதன் நடுவில் மாப்பிள்ளையை உட்கார வைத்தார். "கத்திரியில கம்பளி எதுக்குன்னு கேட்டீங்களே," என்றார் பொதுவாக. பெண்கள் சீவல் எடுத்தார்கள். பெங்களூரா ஒன்றை யாரோ உப்பு மிளகாய் போட்டு நறுக்கினார்கள். உள்ளே பழைய காலத்துக் கார் மாலை போட்டு நின்றது. செண்டைக்காரர்கள் ஏறுகிற ஆள் இல்லாமல் இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள்.

பவன்குமாரின் போன் விடாமல் அடித்தது. கல்பனா அதை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டாள். "மாப்ளக்கி இன்னாடா போனு?"

முதலில் வந்தது ஸுப்ரஜா. கல்யாணக் கம்பெனியின் மேனேஜர். காதில் ஒயர், கையில் வாக்கிடாக்கி. பின்னால் ஒரு பையன் தட்டு நிறையக் கண்ணாடிக் கிளாஸ். கிளாஸில் நீல நிறமாக ஒன்று, அதன் மேல் காகிதக் குடை.

"ஹலோ ஆன்ட்டி, வெல்கம்! ப்ளீஸ் டேக்..."

துலுக்காணம் ஒரு கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது இன்னாம்மா, வேட்டிக்குப் போடற நீலமா?"

"புளூ லகூன், அங்கிள். மாக்டெயில்."

"குடை எதுக்கு? அதுக்கும் வெயிலா?"

ஸுப்ரஜா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். லட்சுமம்மா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிழலுக்கு இழுத்தாள்.

"நீ நல்ல பொண்ணு. உன்மேல ஒண்ணும் இல்ல. நாங்க குடிக்க வேண்டியது பானகம். அதுவும் சம்மந்தி கையால. உங்க பொஸ்தகத்துலயே போட்டுக்கீதே, வாசல்ல குடுப்போம்னு. அத்த நம்பித்தானே வந்தோம்."

ஸுப்ரஜாவின் இங்கிலீஷ் அங்கே தீர்ந்துபோயிற்று. அதற்குக் கீழே மாடவீதித் தமிழ் இருந்தது. "மாமி, நீங்க இத்தனை பேர் வெயில்ல உக்காந்துண்டிருந்தா நேக்கு என்னமோ பண்றது. உள்ள வாங்கோ, எப்படியாவது பண்ணிடலாம்."

"நீ ஆரு வூட்டுப் பொண்ணும்மா?"

"திருப்பதிதான். தோப்பனார் கோவில் கைங்கர்யம்."

"கோயில் வூட்டுப் பொண்ணா!" என்றார் துலுக்காணம். "அப்ப உனக்குத் தெரியுமே. சாமி ஊர்வலமா வாசல்ல வந்து நின்னா, உங்கூட்ல தட்டு எடுத்துக்கினு வருவீங்களா, லிஸ்டுல பேரு கீதான்னு பாப்பீங்களா?"

"மாமா, எங்க ஊர்ல பெருமாளைச் சேவிக்கறதுக்கே டைம் ஸ்லாட்டு," என்றாள் ஸுப்ரஜா. ஆனால் ஒயரைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். "இருங்கோ. பொண்ணோட அம்மாகிட்ட நானே போய்ச் சொல்றேன்."

பெண்ணின் அம்மா தாட்சாயணி காலையிலிருந்து ஒரு நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள். முகத்துக்கு மேக்கப் போட்ட பெண், அசையாதீர்கள் என்று சொல்லியிருந்தது. எதுருகோலு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவள் எழுந்த வேகத்தில் பவுடர் டப்பா உருண்டது. நேரே சமையலறைக்குப் போனாள். அங்கே வெல்லம் இல்லை. காப்பிக்குப் போடுகிற வெல்லம்தான், ஒவ்வொரு துண்டும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி, ஜாடி ஜாடியாக இருந்தது. வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து காகிதம் பிரித்தார்கள். சுக்கு, மிளகு, ஏலக்காய் இடித்து, எலுமிச்சை பிழிந்து, அலங்காரத்துக்கு வைத்திருந்த பித்தளைத் தவலையில் இருந்த பிளாஸ்டிக் தாமரையை எடுத்துப் போட்டுவிட்டு அதில் பானகம் கரைத்தாள்.

அதற்குள் தமிழரசு வாசலுக்கு வந்துவிட்டார். வெளுத்த ரோஜா நிறத்தில் கோட்டு. பின்னால் அவருடைய ஐதராபாத் நண்பர்கள். தலைக்கு மேல் ரீங்காரம் போட்டபடி டிரோன் காமிரா.

"ஏமிட்டண்டி இதி?" என்றார் எல்லோரையும் பார்த்து, யாரையும் பார்க்காமல். "டைமிங் மொத்தம் போயிந்தி. லோபலிக்கி ரண்டி, நலுகுரு ரண்டி முந்து." முதலில் நாலு பேர் வரலாம்.

லட்சுமம்மா கும்பிட்டாள். "வர்றோம் சம்மந்தி. அல்லாரும் ஒண்ணா வர்றோம்."

"கவுண்ட் லாக் அயிந்தி, அம்மா."

துலுக்காணம் புளியமரத்தடியிலிருந்து எழுந்து வந்தார். தமிழரசின் முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். காதைப் பார்த்தார். இடது காது மடலில் ஒரு சின்னப் பிளவு.

"டேய் தமிழு!"

ரோஜா நிறக் கோட்டு விறைத்தது.

"நீ தமிழுதானே? டி. அரசுன்னு போட்டா எனக்கு எப்பிடிடா தெரியும்? காதுல பன்னருவா பட்டுதே, கடலைக் கொல்லையில! வேர்க்கடலை புடுங்கினப்பறம் நம்ம ரெண்டு பேரும் எலி வளையைத் தோண்டி..."

"துலுக்காணம்," என்றார் தமிழரசு. தமிழ் வந்துவிட்டது. கால்விரல் இடிக்காமலே வந்துவிட்டது. "மெதுவாப் பேசுடா."

"எலி சேத்து வெச்ச கடலைய எடுத்துக்கினு போய் சுட்டுத் துன்னு..."

"டேய். மெதுவாடா. பின்னால கிளையண்ட்ஸ் நிக்கிறாங்க."

துலுக்காணம் உண்மையிலேயே குரலைத் தாழ்த்தினார். அன்பாகத்தான் சொன்னார். "நீ பானகம் குடு. நான் மெதுவாப் பேசறேன்."

தாட்சாயணி தவலையோடு வந்து சேர்ந்தாள். பாதி மேக்கப். ஒரு கண்ணுக்கு மட்டும் மை. அவள் புருஷனைப் பார்க்கவில்லை. நேரே லட்சுமம்மா முன்னால் போய் நின்றாள்.

"அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க கல்யாணத்துல எங்க நைனா ஏரிக்கரை வரைக்கும் நடந்து வந்து இவுரு ஜனத்த அழைச்சாரு. இவுரு மறந்துட்டாரு. நான் மறக்கல." தவலையைப் புருஷன் கையில் கொடுத்தாள். "ஊத்துங்க."

தமிழரசு குனிந்தார். முதல் கை மாப்பிள்ளைக்கு. அடுத்தது வீராசாமிக்கு. வீராசாமி இரண்டு கையையும் குவித்து வாங்கி, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார். பிறகு வரிசை. கோட்டின் கையில் வெல்லம் வழிந்தது. பாதி தூரம் போனதும் அவர் கோட்டைக் கழற்றி பைபர் யானை மேல் போட்டார். அதற்கப்புறம் வேகமாக ஊற்றினார். பேர் சொல்லிக் கேட்டார், "நீ ஆரு பொண்ணு? வெங்கடம்மா மவளா? உங்கம்மா கீறாளா?" டிரோன்காரன், "சார், ஒன் மோர், ஸ்மைல்!" என்றான். யாரும் கேட்கவில்லை.

காவலாளி ஸுப்ரஜாவைப் பார்த்தான். பட்டை இல்லாத இத்தனை பேரை என்ன செய்வது?

"கையைத் தொட்டுப் பாருங்கோ," என்றாள் அவள். "பிசுக்குன்னு ஒட்டித்துன்னா உள்ள விடுங்கோ."

அப்படித்தான் கொல்லமேடு உள்ளே போனது. ஒவ்வொரு உள்ளங்கையாகத் தொட்டுப் பார்த்து விட்டான். ரத்னம்மா பாக்கை மறுபடி முடிந்துகொண்டாள்.

சாப்பாட்டுக் கணக்கு என்ன ஆனது என்றால் ஒன்றும் ஆகவில்லை. இருபத்துச் சொச்சம் வகை வைத்திருந்தார்கள். பெயர் எழுதிய அட்டைகளைப் பார்த்துக்கொண்டே ஐதராபாத் ஆட்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு பாதியை வைத்துவிட்டுப் போனார்கள். கொல்லமேட்டுக்கு வேண்டியது சோறும் பருப்பும் ஒரு கறியும். சோறு வடிக்க எவ்வளவு நேரம்? அண்டாவில் இருந்த பேனிஷா, வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டு வரக் கூடாது என்ற விதியைப் பரிசு என்ற பெயரில் தாண்டி, டெக்சாஸ்காரர்களின் வெளுத்த நிறச் சட்டைகளில் எல்லாம் வழிந்தது.

சாயங்காலப் பாட்டுக் கச்சேரி கண்ணாடி ஹாலில். அங்கே கையேடு சொன்னது பலித்தது. ஏ.சி.யை வைத்த வைப்பில் சால்வைக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கை தட்டினார்கள். முன் வரிசையில் துலுக்காணம் மட்டும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மலை மாதிரி உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பாட்டில் தமிழரசு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது பாட்டில் கம்பளியில் பாதி அவர் மேல் இருந்தது.

"எலி வளையில கடலை எடுத்தது நீயாடா?" என்றார் துலுக்காணம். "கைய வுட்டது நானு."

"தோண்டினது ஆரு?" என்றார் தமிழரசு, கொஞ்சம் சத்தமாகவே.

மறுநாள் காலை முகூர்த்தத்தில் துலுக்காணம் மருமகன் நெற்றியில் பட்டம் கட்டினார். காமிராக்காரன், கை மறைத்துவிட்டது, இன்னொரு தடவை கட்டுங்கள் என்று கேட்டான். "பட்டம் ஒரு தபாதான்," என்று துலுக்காணம் கையைத் தட்டிவிட்டுக் கீழே இறங்கினார். கீழே முன்வரிசைச் சோபா முழுக்கக் கொல்லமேடு. சோபா புதைகிறது என்று ரத்னம்மா கால் மேல் கால் போட்டுப் பார்த்தாள், பிடிக்காமல் சம்மணம் போட்டுக்கொண்டாள். வீராசாமி பந்தல் காலைத் தொட்டுப் பார்த்தார். இரும்புக் குழாய். இவர் நட்டதில்லை. திருப்தியாகப் போய் உட்கார்ந்தார்.

ஆடி கழிந்து, கடலை பிடுங்கி ஆய்ந்துகொண்டிருந்த நாளில் ஸுப்ரஜாவிடமிருந்து கல்பனாவின் போனுக்கு ஒரு கையேடு வந்தது. வேறு யாருடைய கல்யாணத்துக்கோ. கல்பனா பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் சத்தமாகச் சிரித்தாள்.

"எம்மா, நீ கீற இதுல!"

புளியமரத்தடியில் லட்சுமம்மா உட்கார்ந்திருக்கிற படம். அதன் கீழே ஒரு புதிய திட்டம். பாரம்பரிய நுழைவாயில் அனுபவம். மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வெளியே அரை மணி நேரம் காத்திருப்பார்கள். மரநிழல், கம்பளி, பித்தளைத் தவலை கம்பெனி பொறுப்பு. பானகம் மூன்று சுவைகளில்.

"மூணு சுவையா?" என்றாள் ரத்னம்மா. "அதுல நீலம் கீதா?"

"கீது."

லட்சுமம்மா கொடியை உதறி மண்ணைத் தட்டினாள். "வெத்தல வெக்கிறதப் பத்தி இன்னா போட்டுக்கீது?"

கல்பனா மேலும் கீழும் தேடினாள். "அது ஒண்ணும் இல்லம்மா. அந்தப் பட்டன்தான் கீது."

"அப்ப அவுங்களுக்கு வாசல்ல உக்கார ஆளு கெடைக்காது," என்றாள் லட்சுமம்மா, கடலையை முறத்தில் போட்டபடி. "பட்டன அமுக்கிட்டு வர்றவன் நேரா உள்ள பூந்து துன்னப் போயிடுவான்."